படகுத்துறைக்காரன் மகன்

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அத்தை ஆகிவிட்டாய். இதை முதலில் எழுதிவிட்டு, பிறகுதான் உன் கழுத்து வலியைப் பற்றி விசாரிப்பது என்று முடிவு செய்திருந்தேன். இப்போது எப்படி இருக்கிறது?

பெண் குழந்தை. திங்கட்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு. தாயும் சேயும் நலம் என்று மூன்றே வார்த்தையில் எழுதிவிடலாம். அந்த மூன்று வார்த்தை வருவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஞாயிறு மதியம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "இதோ ஆயிடும், இதோ ஆயிடும்" என்றே நர்ஸ் சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் பெரிய டாக்டர் ஓட்டமும் நடையுமாக உள்ளே போவதைப் பார்த்ததும் எனக்குக் கால் நடுங்கத் தொடங்கிவிட்டது. பதினெட்டு மாடி உயரத்தில் லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று வேலை செய்கிறவன், தரையில் நின்று நடுங்கினேன்.

கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம். எடுத்துவிட்டார்கள். அழுகைச் சத்தம் கேட்டதும் பக்கத்தில் நின்றிருந்த முன்பின் தெரியாத ஒருவரின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கிவிட்டேன். பாவம், அவர் பல் பிடுங்க வந்து மாடி மாறி ஏறியவர். வீங்கிய கன்னத்தோடு, "ரொம்ப சந்தோஷங்க" என்றார்.

நர்ஸ் குழந்தையை என்னிடம் நீட்டினார். என் நகக்கண்ணெல்லாம் கிரீஸ், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எட்ட நின்றே பார்த்தேன். காது அப்படியே உன்னுடையது. நம் அப்பா சாயல் எதுவும் இல்லை. நன்றாகப் பார்த்துவிட்டேன்.

பெயர் இன்னும் முடிவாகவில்லை. அதுவரை சுண்டு. உன் உடம்பைப் பார்த்துக்கொள். குனிந்தே வேலை செய்யாதே.

உன் தம்பி

*

பிப்ரவரி 20

அன்புத் தம்பிக்கு,

என் கழுத்து இருக்கட்டும். சுண்டுவின் கழுத்து எப்படி இருக்கிறது? உன் கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்துவிட்டு முதலாளியிடம், "நான் அத்தை ஆயிட்டேன்" என்றேன். அவர் தலை நிமிராமல், "அப்ப மூணாம் நம்பர் பிரேமுக்கு லென்ஸ் மாட்டிட்டு ஆகு" என்றார். மாலையில் அவரே கடைக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். நல்ல மனுஷன்தான், முகம்தான் அப்படி.

உடனே ஓடிவர ஆசை. ஆனால் லீவு மொத்தத்தையும் மேயில் வரும் தேர்வுக்கென்று எழுதிக் கொடுத்துத் தொலைத்துவிட்டேன். முப்பத்து நான்கு வயதில் தபால் வழியில் பட்டம் படிக்கிறவளுக்கு வேறு வழியில்லை. நீ என் கண்ணாக இருந்து பார்த்து எழுது. ஏழு வயதுத் தம்பி அப்பா வீட்டிலும் பத்து வயது அக்கா அம்மாவோடு சித்தி வீட்டிலும் என்று பிரித்து வைத்த நாளிலிருந்து நாம் கடிதத்திலேயே வளர்ந்தவர்கள்தானே. சுண்டுவையும் கடிதத்திலேயே கொஞ்சிக்கொள்கிறேன்.

இப்போது உனக்கு ஒரு வேலை. "பழைய பெருநாவல்களில் கதைமாந்தரின் குணத்தை வளர்ப்பும் சமூகமும் எவ்வாறு உருவாக்குகின்றன?" இதுதான் நான் எழுத வேண்டிய கட்டுரை. எழுநூறு பக்க நாவல் ஒன்றைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். ஆற்றங்கரை ஊர் ஒன்று. அங்கே படகுத்துறையைக் குத்தகைக்கு எடுத்தவன் ஒருவன். மகனை அடித்து அடித்தே வளர்க்கிறான். அந்த மகன் பெரியவனாகி, அதே படகுத்துறையை எடுத்து, அப்பனைவிடக் கொடியவனாகி, தன் பிள்ளையை அடிக்கிறான். கதை அவ்வளவுதான். நூறு வருஷப் பழைய கதை, ஆனால் கையில் எடுத்தால் கீழே வைக்க முடியவில்லை.

நடைபாதைக் கடையில் இன்னொரு பிரதி கிடைத்தது. அனுப்பியிருக்கிறேன். என்னைவிட நீதான் நிறைய வாசிக்கிறவன். படித்துவிட்டு எழுது, உன் மூளையைக் கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்கிறேன்.

உன் மனைவியை ஆறு வாரம் கனமாக எதையும் தூக்க விடாதே. நீ தூக்கு.

அக்கா

*

மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூவரும் சுகம். நீ சுகமா? பதில் எழுதத் தாமதமானதற்கு உன் நாவல்தான் காரணம். மொட்டைமாடி மெஷின் அறையில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து படித்தேன். மோட்டார் சத்தத்தில் யாரும் கூப்பிட்டாலும் கேட்காது.

உன் கட்டுரைக்கு என்ன தேறும் என்று தெரியவில்லை. எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன். பள்ளிக்கூட வாத்தியார் அந்தப் பையன் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்க்கிற இடம் இருக்கிறதே, அதை இரண்டு தடவை படித்தேன். பார்க்கிறார். சட்டையைக் கீழே இறக்கிவிடுகிறார். "போய் உட்காரு" என்கிறார். கெட்டவர் இல்லை. வாத்தியார் மகள் அக்கரையில் வேலை பார்க்கிறாள், தினமும் படகில் போய்வர வேண்டும். ஊரில் எல்லோருக்கும் அந்தப் படகு வேண்டும். ஆகையால் ஒருவருக்கும் கண் தெரியவில்லை. அவனை அடித்தது அப்பன் மட்டும் இல்லை என்று நீ எழுதலாம்.

இன்னொன்று. அப்பன் செருப்பைக் கழற்றிப் போடும் சத்தத்திலேயே அன்றைய நிலவரம் பையனுக்குத் தெரிந்துவிடும் என்று எழுதியிருக்கிறார். இரண்டும் சேர்ந்து விழுந்தால் பரவாயில்லை, ஒன்று தள்ளி விழுந்தால் ஆபத்து. இந்த எழுத்தாளருக்கு இது எப்படித் தெரிந்தது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நீ பாடமாகப் படிக்கிறாய், உனக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பையன் அப்படி ஆகாமல் இருந்திருக்க முடியுமா? புத்தகத்தில் எங்கேயாவது அதற்கு வழி இருக்கிறதா? எனக்குத் தென்படவில்லை. அவசரம் ஒன்றும் இல்லை, சும்மா கேட்டேன்.

சுண்டு எடை கூடியிருக்கிறாள். சிரிக்கிறாள் என்று அவள் அம்மா சொல்கிறாள்.

தம்பி

*

ஏப்ரல் 3

அன்புத் தம்பிக்கு,

சௌக்கியம் எல்லாம் கேட்டதாக வைத்துக்கொள். சந்தோஷத்தில் கை நிற்கவில்லை. வாத்தியார் சட்டையை இறக்கிவிடுகிற இடத்தை எடுத்துக் கொடுத்தாயே, அதை வைத்து ஒரே மூச்சில் பன்னிரண்டு பக்கம் எழுதி நேற்றுத் தபாலில் சேர்த்துவிட்டேன். அப்பாடா என்றிருக்கிறது. உனக்கும் ஒரு நகல் இத்துடன் வைத்திருக்கிறேன்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் அதிலேயே இருக்கிறது. கடைசிப் பத்தியைப் பார்: "அவன் பிறந்த வீடே அவனை எழுதி முடித்துவிட்டது. ஊர் அதில் கையெழுத்துப் போட்டது. பிறகு அவன் வாழ்நாளெல்லாம் செய்தது அதைப் படி எடுத்தது மட்டுமே. அவன் வேறு மாதிரி ஆகியிருக்க முடியும் என்று நம்புகிறவர் இந்த நாவலைச் சரியாக வாசிக்கவில்லை." எப்படி? எழுதிவிட்டு நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன். கழுத்து வலி இருப்பதால் எட்டவில்லை, அவ்வளவுதான்.

இன்று கடைக்கு ஒருத்தர் வந்தார். புதிதாக இரட்டைப் பவர் கண்ணாடி வாங்கியவர். "இதப் போட்டா தரை மேல வருதும்மா" என்கிறார். ஒரு வாரம் போட்டால் தரை இறங்கிவிடும் என்று சொல்லி அனுப்பினேன். முழுசாக நம்பவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டே போனார்.

சுண்டுவின் சிரிப்பைப் பற்றி நீ பார்த்து எழுது. அவள் அம்மா சொல்வதை எதற்கு எழுதுகிறாய்?

அக்கா

*

மே 10

தம்பி,

நலமா? ஐந்து வாரமாக உன் கடிதம் இல்லை. லிஃப்டில் மாட்டிக்கொண்டாயா? தேர்வு முடிந்தது. கட்டுரைக்கு நூற்றுக்கு எழுபத்தெட்டு. "தெளிவான, உறுதியான வாதம்" என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். பாதி மார்க் உனக்குச் சேர வேண்டியது. ஒரு வரியாவது எழுது.

அக்கா

*

மே 19

அக்காவுக்கு, இங்கு எல்லோரும் நலம். இரண்டு புதிய கட்டடங்களில் ஒரே நேரத்தில் லிஃப்ட் வேலை. மார்க்குக்கு வாழ்த்து. சரியாகத்தான் எழுதியிருக்கிறாய். தம்பி.

*

ஜூன் 2

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

தம்பி மனைவி எழுதுவது. வணக்கம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? நான் உங்களுக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. எப்போதும் அவர்தான் எழுதுவார், நான் "கேட்டதாகச் சொல்லுங்கள்" என்று சொல்வதோடு சரி. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் உடம்புக்கு ஒன்றும் இல்லை. பயந்துவிடாதீர்கள். குழந்தையும் நன்றாக இருக்கிறாள். என்னை ஒரு கடுமையான சொல் சொன்னது கிடையாது. காய் வாங்குவது, துணி துவைப்பது, தண்ணீர் பிடிப்பது எல்லாம் அவரே. நான் சொல்ல வந்தது வேறு. அண்ணி, குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகப்போகிறது. இன்றுவரை அவளை அவர் ஒரு தடவைகூடத் தூக்கவில்லை.

முதலில் கையில் கிரீஸ் என்றார். ஆஸ்பத்திரியிலேயே கவனித்தேன், கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினார், கழுவிவிட்டுக் கிரீஸ் என்றார். பிறகு தலை நிற்கட்டும் என்றார். தலையும் நின்றுவிட்டது. அவள் தூங்கும்போது வாசலில் நின்று பார்க்கிறார், நான் திரும்பினால் நகர்ந்துவிடுகிறார். ஒருவேளை பெண் குழந்தை என்பதால் பிடிக்கவில்லையோ என்று நினைத்து நேராகவே கேட்டேன். முகம் அப்படியே வெளுத்துப்போனது. "அப்படி நினைச்சியா? அப்படி நினைச்சியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஏப்ரல் மாதத்திலிருந்து பாதி நாள் கம்பெனி அறையிலேயே தங்கிவிடுகிறார்.

போன வாரம் அவர் வராத ஒரு நாள் நானே அவர் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் காகிதங்கள் இருந்தன. உங்கள் கையெழுத்து. படிக்கும் பாடம் போல இருந்தது. மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்திருக்கிறது. கடைசிப் பத்தியின் கீழே பேனாவால் கோடு போட்டிருக்கிறார். எனக்கு அவ்வளவு படிப்பு இல்லை. அந்தப் படகுத்துறைக்காரன் மகன் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் படித்ததும் இவர் வளர்ந்த வீடுதான் நினைவுக்கு வந்தது.

மாமனார் போன பிறகுதான் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. அந்த வீட்டைப் பற்றி இவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த வீட்டில் என்ன நடந்தது அண்ணி? உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டும் என்றாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி, உங்கள் விருப்பம்.

குழந்தை உங்களுக்கு முத்தம் அனுப்பியிருக்கிறாள். நான்தான் கன்னத்தைக் காகிதத்தில் ஒற்றி எடுத்தேன், பால் கறை பட்டுவிட்டது.

இப்படிக்கு
சுண்டுவின் அம்மா

*

ஜூன் 9

என் அன்புத் தம்பிக்கு,

உன் மனைவி எனக்கு எழுதினாள். மறைக்க விரும்பவில்லை. அவள் மேல் கோபப்படாதே, படவும் மாட்டாய்.

உன் நலத்தை விசாரித்து எத்தனை கடிதம் எழுதியிருப்பேன் என்று நேற்று முழுவதும் யோசித்தேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. எல்லாவற்றிலும் "நலமா?" என்று கேட்டிருக்கிறேன். நீ "நலம்" என்று எழுதியிருக்கிறாய். நான் கேட்டது வழக்கத்துக்கு. பதில் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில், பதிலுக்கு இடம் விடாமலேயே கேட்டிருக்கிறேன்.

அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பிய அன்று, "பொண்ண வேணா இழுத்துட்டுப் போ, பையன் எங்கயும் வரமாட்டான்" என்று அப்பா சொன்னார். நீ கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாய். நான் உன்னைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அம்மாவின் கைப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன், அதை விட்டால் என்னையும் விட்டுவிடுவார்களோ என்று. பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டு கிடைத்தது. சந்தோஷப்பட்டேன். பத்து வயது என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். உன்னிடம் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

பிறகு லீவுக்கு வருஷம் இரண்டு தடவை உன்னைப் பார்க்க வந்தேனே, உனக்கு ஒன்பது வயது இருக்கும்போது உன் காலில் ஒரு தழும்பைப் பார்த்து என்னடா இது என்று கேட்டேன். "விழுந்துட்டேன்" என்றாய். அப்பாடா என்று இருந்தது எனக்கு. வாத்தியார் சட்டையை இறக்கிவிட்டதைப் பற்றி எழுதினாய். நானும் இறக்கிவிட்டவள்தான். செருப்பு எப்படி விழும் என்று நீ எழுதியதைப் படித்துவிட்டும், அதை எடுத்துக் கட்டுரையில் போட்டு, எழுபத்தெட்டு மார்க் வாங்கி, பாதி உனக்கு என்று எழுதியிருக்கிறேன். என்னை என்ன செய்தால் தகும்?

அந்த நாவலை மூன்றாவது முறையாக எடுத்தேன். உன் கேள்விக்கு வேறு பதில் கிடைக்குமா என்று வரி வரியாகத் தேடினேன். பொய் சொல்லமாட்டேன், கிடைக்கவில்லை. அந்தப் பையனுக்கு எங்கேயும் வழி இல்லை. ஆனால் ஏன் இல்லை என்பது இந்த முறை தெரிந்தது. கடைசி அத்தியாயத்தில் அந்தப் படகு கவிழ வேண்டும். அதற்கு ஒரு கொடியவன் தேவை. அவனைத் தயார் செய்யத்தான் அதற்கு முந்தைய அறுநூறு பக்கமும். நடுவில் அவன் ஒருநாள் ஓங்கிய கையை இறக்கியிருந்தால் எழுத்தாளருக்குக் கதையே இல்லை.

நீ யாருடைய கடைசி அத்தியாயத்துக்கும் தேவைப்படவில்லை தம்பி. உன் கதையின் முடிவை நினைத்து வைத்துக்கொண்டு யாரும் உன்னை எழுதவில்லை. நான் எழுதிய அந்தப் பத்தி ஒரு காகித மனிதனைப் பற்றியது. அவனைப் பற்றிக்கூடச் சரியா என்று இப்போது சந்தேகம். அதைக் கிழித்துப் போடு. இல்லையென்றால் திருப்பி அனுப்பு, நானே கிழிக்கிறேன்.

நீ எதற்குப் பயப்படுகிறாய் என்று எனக்குப் புரிகிறது என்று எழுத வந்தேன். புரிந்ததாகச் சொல்லிச் சொல்லித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. அதனால் கேட்கிறேன். அந்த வீட்டில் என்ன நடந்தது? எவ்வளவு எழுத முடியுமோ அவ்வளவு எழுது. எழுத முடியாவிட்டால் முடியாது என்று எழுது.

உன் அக்கா

*

ஜூலை 14

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதமாக எழுதவில்லை என்று நீ தவித்திருப்பாய். எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. இப்போது வருகிறது. முதலில் நல்ல சேதி: நலம். இதை இந்த முறை வழக்கத்துக்கு எழுதவில்லை.

ஜூன் கடைசியில் சுண்டுவின் அம்மாவுக்குக் கடுமையான காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்று நாள் வைத்துக்கொண்டார்கள். குழந்தையை உள்ளே விடமாட்டோம், தொற்றிக்கொள்ளும் என்றார்கள். படுக்கையில் இருந்துகொண்டே அவள், "பால் பவுடர் மேல் தட்டுல இருக்கு. தண்ணிய ஆற வெச்சுக் கலக்குங்க. உங்க பொண்ணு ஒண்ணும் பீங்கான் இல்ல, தூக்கினா உடைஞ்சிட மாட்டா" என்றாள். என்னிடம் குழந்தையைக் கொடுத்தது நர்ஸ். நான் வாங்கிக்கொண்டேன். வேறு யாரும் இல்லை, என்ன செய்ய முடியும்? இவ்வளவு சூடாக இருப்பாள் என்று எனக்குத் தெரியாது. என் சட்டைக்குள் அந்தச் சூடு வந்துவிட்டது.

முதல் நாள் நன்றாகப் போனது. இரண்டாம் நாள் மத்தியானம் ஆரம்பித்தாள். பால் வேண்டாம், தூக்கம் வேண்டாம், எதுவும் வேண்டாம், அழுகை மட்டும்தான். ஒரு மணி நேரம் தோளில் போட்டு நடந்தேன். இரண்டு மணி நேரம். பாட்டுத் தெரியாது, லிஃப்ட் பாகங்களின் பெயரை வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். மூன்று மணிக்கு மேல் அது வந்தது அக்கா. தலையில் வரவில்லை, கையில்தான் வந்தது. விரலெல்லாம் இறுகியது. அப்பாவுக்கு இப்படித்தான் வந்திருக்கும் என்று அந்த நேரத்திலும் தெளிவாக நினைத்தேன்.

அவளைத் தொட்டிலில் போட்டேன். மெதுவாகத்தான் போட்டேன், அதை உறுதியாகச் சொல்வேன். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். கை இரண்டும் தொடைக்கு அடியில். உள்ளே அவள் கத்துகிறாள்.

கீழ்வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கும் அம்மா ஏறி வந்தார்.

"குழந்தை அழுதே?"

"தெரியும். என்னால முடியல. கொஞ்ச நேரம் இங்க உட்கார்ந்திருக்கேன்."

"தொட்டில்லதானே இருக்கு?"

"ஆமா."

"அப்ப உட்காருங்க." அவரும் ஒரு படி கீழே உட்கார்ந்துகொண்டார். கழுத்தில் அளவு டேப் தொங்கியது. "என் நடுப்பிள்ளைக்கு நான் இதே படியிலதான் உட்கார்ந்திருப்பேன். அந்த நேரத்துல அவன ஜன்னல் வழியா வீசிடலாமான்னுகூட வரும்."

"உங்களுக்குமா?"

"பின்ன? யாருக்குத்தான் வராது? வந்தா கீழ போட்டுட்டு வெளிய வந்துடணும். அதான் வந்துட்டீங்களே."

அவ்வளவுதான் பேசினார். அக்கா, முப்பத்தொரு வயதாகிறது எனக்கு. அந்தக் கோபம் நம் வீட்டுச் சொத்து, அப்பா எனக்கு மட்டும் எழுதி வைத்துவிட்டுப் போனது என்றே நினைத்திருந்தேன். தையல்காரம்மாவுக்கும் வருமாம். பத்து நிமிஷம் கழித்து உள்ளே போனேன். கை சாதாரணமாக இருந்தது. சுண்டு அழுது களைத்து விக்கிக்கொண்டிருந்தாள். தூக்கினேன். பாலைக் குடித்துவிட்டு என் மேலேயே தூங்கிவிட்டாள். நான் அசையாமல் மாலைவரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். முதுகு இப்போதும் வலிக்கிறது.

நீ கேட்டாயே, எழுதுகிறேன். ஒன்றை மட்டும் இப்போது. நீங்கள் இருவரும் வீட்டை விட்டுப் போன அதே வாரம், அம்மா எப்ப வருவாங்க என்று அப்பாவிடம் கேட்டேன். பெல்ட்டின் இரும்புப் பக்கம். காலில் நீ பார்த்த தழும்பு அதுதான், நீ பார்க்கும்போது இரண்டு வருஷப் பழையது. மற்றதெல்லாம் நேரில் பார்க்கும்போது சொல்கிறேன். சொல்ல முடியும் என்று தோன்றுகிறது. ஜன்னல் சீட்டுக்கு நீ அழ வேண்டாம். நம்மில் ஒருத்தராவது தப்பித்தோம் என்று அந்த வயதிலேயே எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. அதைக் கெடுத்துவிடாதே.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சுண்டுவின் அம்மாவுக்கு ஏழாம் மாதமாக இருக்கும்போது, ஒன்றுமில்லாத விஷயத்துக்கு ஒரு டம்ளரைச் சுவரில் எறிந்தேன். அவள் வயிற்றை மூடிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். அன்றைக்குத்தான் இந்தக் கையைக் குழந்தையிடம் கொண்டுபோகக் கூடாது என்று முடிவு செய்தேன். இப்போது அவளிடம் கேட்டால், "எந்த டம்ளர்?" என்கிறாள். மறந்துவிட்டாளாம். எட்டு மாதம் நான் சுமந்திருக்கிறேன்.

கட்டுரையைத் திருப்பி அனுப்பவில்லை. சுண்டு வாயில் போட்டுக் கடைசிப் பக்கத்தைக் கூழாக்கிவிட்டாள்.

தம்பி

*

செப்டம்பர் 22

அன்புத் தம்பிக்கும் தங்கைக்கும், அத்தையின் செல்லத்துக்கும்,

மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்று தெரிந்துகொண்டே கேட்கிறேன், எப்படி இருக்கிறீர்கள்? எனக்குக் கழுத்து வலி போய்விட்டது. நாற்காலியை மாற்றினேன், அவ்வளவுதான். மூன்று வருஷம் நாற்காலி என்று தெரியாமல் மாத்திரை சாப்பிட்டிருக்கிறேன்.

ஜூலை மாதம் உன் கடிதம் வந்த அன்று அரை நாள் லீவு கேட்டேன். முதலாளி முகத்தைப் பார்த்துவிட்டு, "கெட்ட சேதியா?" என்றார். "இல்ல, நல்ல சேதி" என்றேன். "அப்ப ஏன் அழற?" என்றார். முழு நாளே கொடுத்துவிட்டார்.

மீதி கேட்க நான் தயாராக இருக்கிறேன். டிசம்பரில் பத்து நாள் லீவு வாங்கியாகிவிட்டது. நீ பேசு, நான் குறுக்கே பேசாமல் கேட்கிறேன். எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

ஒரு வேடிக்கை. அடுத்த பருவத் தேர்வில் கிட்டத்தட்ட அதே கேள்வி வந்துவிட்டது. வளர்ப்பு, சமூகம், கதைமாந்தர். பழைய கட்டுரையை அப்படியே ஒப்பித்திருந்தால் எழுபத்தெட்டு நிச்சயம். எழுத மனம் வரவில்லை. வளர்ப்பும் ஊரும் ஒரு மனிதனைப் பிசைவது உண்மைதான், அதை இந்த நாவல்கள் போல யாரும் காட்டியதில்லை என்று முதலில் எழுதினேன். ஆனால் நாவலாசிரியருக்கு முடிவு முன்பே தெரியும், வாழ்கிறவனுக்குத் தெரியாது. அந்த ஊரில் படியேறி வந்து பக்கத்தில் உட்கார ஒரே ஒரு ஆளை அவர் வைத்திருந்தால் நாவல் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அந்த ஆளுக்கு ஒரு தையல் மெஷினும் கொடுத்தேன்.

நேற்று முடிவு வந்தது. ஐம்பத்தொன்று. ஓரத்தில், "பாடநூலில் இல்லாத பாத்திரத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்" என்று குறிப்பு. பரவாயில்லை, பாஸ்தான்.

கீழ்வீட்டு அம்மாவின் கண்ணாடிப் பவர் என்னவென்று கேட்டு எழுது. ஒரு நல்ல பிரேம் எடுத்து வைத்திருக்கிறேன்.

அக்கா

*

நவம்பர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோருக்கும் சளி, அதைத் தவிர ஒரு குறையும் இல்லை. உனக்கு டிக்கெட் கிடைத்துவிட்டதா? கீழ்வீட்டு அம்மாவின் பவரை மறுபக்கம் எழுதியிருக்கிறேன். "சும்மா தர்றாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

இப்போது கம்பெனி அறையில் தங்குவதில்லை. வேலை முடிந்ததும் நேராக வீடு. சுண்டு தவழ ஆரம்பித்துவிட்டாள். தவழ்வது என்று நாகரிகமாகச் சொல்கிறோம். ஒரு காலை மடித்து ஒரு காலை நீட்டி, நண்டு மாதிரி வீடு முழுவதும் போகிறாள். டம்ளர், கரண்டி, என் ஸ்பேனர் எல்லாம் அலமாரியின் மேல் தட்டுக்குக் குடிபோய்விட்டன.

நேற்றுச் சாயங்காலம் நடந்ததை உனக்கு எழுதியே ஆக வேண்டும். ரேடியோவைப் பழுதுபார்க்க அதன் மூடியைக் கழற்றித் தரையில் வைத்திருந்தேன். வயர் சுவரில் செருகியபடியே இருந்தது, மடத்தனம். முதுகைத் திருப்பி ஸ்க்ரூவைத் தேடுகிறேன். திரும்பினால் அவள் கை அதற்குள் போகிறது. "ஏய்" என்றேன்.

அது என் குரல் இல்லை அக்கா. அப்பாவின் குரல். அதே கனம், அதே அதட்டல். சுவரெல்லாம் அதிர்ந்தது. சமையலறையில் பாத்திரத் தேய்ப்பு நின்றுவிட்டது. நாம் இருவரும் அந்தக் குரல் கேட்டால் என்ன செய்வோம் என்று உனக்கு நினைவிருக்கும். கட்டிலுக்கு அடியில் நீ சுவர்ப்பக்கம், நான் உன் பின்னால்.

சுண்டு கையை எடுத்துக்கொண்டாள். திரும்பி என்னைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது, கண்ணில் தண்ணீர் கட்டியது. நான் அசையவில்லை. இவள் எங்கே போய் ஒளியப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

நேராக என்னிடம்தான் வந்தாள். அந்த நண்டு நடையில் அழுதுகொண்டே வந்து, என் பேன்ட்டைப் பிடித்து எழுந்து நின்று, தூக்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டினாள்.

தூக்கிக்கொண்டேன். இப்போதும் மடியில்தான் இருக்கிறாள், அதனால்தான் கையெழுத்து இப்படி.

உன் வரவை எதிர்பார்க்கும்
தம்பி